மிளகு வரும் ஞாயிற்றுக்கிழமை

“குனிஞ்சா போதாதுங்க, தவழணும். நாய் என்ன உங்களை மாதிரி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டா நடக்கப்போகுது?”

சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கை காய்வதற்குள் மனைவியின் உத்தரவு. கணவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே கூடத்தின் நடுவில் முட்டி போட்டார். எவ்வளவு பெரிய லாரியையும் ஒற்றைக் கையால் சந்துக்குள் பின்னால் எடுத்து நிறுத்துகிற மனிதர், சொந்த வீட்டில் சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே திரும்பத் தெரியாமல் மாட்டிக்கொண்டார்.

“ரிவர்ஸ் எடுடா, ரிவர்ஸ்” என்றார் அவருடைய அப்பா, தன் ஒற்றை சோபாவில் உட்கார்ந்தபடி. “லெஃப்ட்ல ஒடி. இன்னும் கொஞ்சம். ஆங்! இடிச்சிட்டியா? லைசென்ஸ் எவன்டா கொடுத்தான் உனக்கு?”

“அப்பா, சும்மா இருங்க.”

“மாமா, அவரைச் சிரிக்க வைக்காதீங்க” என்றாள் மருமகள். கையில் டார்ச் விளக்கோடு அவளும் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். “சோபாவுக்கு அடியில பாருங்க. என்ன தெரியுது?”

“தூசி தெரியுது. ஒரு பேனா மூடி. அப்புறம், உன் கம்மல் ஒண்ணு.”

“போன மாசம் தேடினேனே, அதுவா? எடுங்க, எடுங்க.”

“நான் நாயா இருந்தா இந்நேரம் முழுங்கியிருப்பேன்.”

“அதுக்குத்தானே உங்களை முதல்ல விட்டுப் பார்க்கிறது!”

மறுநாள் காலையில் மிளகு வரப்போகிறாள். தவிட்டு நிறம், மூக்கைச் சுற்றி மட்டும் யாரோ மிளகுத்தூளைத் தூவிவிட்டாற்போல் கறுப்புப் புள்ளிகள். பிராணிகள் காப்பகத்தில் அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். பார்க்கப் போன அன்றைக்கு மற்ற நாய்களெல்லாம் கம்பிக் கதவில் முட்டி மோதிக் குரைத்துக்கொண்டிருக்க, இவள் ஒருத்தி மட்டும் எழுந்து வந்து, உட்கார்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ‘என்ன விஷயம்?’ என்று கேட்பதுபோல் பார்த்தாள். அவ்வளவுதான், மருமகள் விழுந்துவிட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் வேறு பேச்சே இல்லை.

ஆசை இன்று நேற்று வந்ததல்ல. அவளுடைய அப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றலாகும் வேலை. நாய்க்குட்டி கேட்டு அழும்போதெல்லாம் “அடுத்த வீட்டுல வளர்க்கலாம் கண்ணு” என்பார்கள். அடுத்த வீடும் வரும். அது வாடகை வீடாக இருக்கும். வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். கல்யாணத்துக்குப் பிறகும் அதே கதைதான். போன வருஷம்தான் மூன்று பேருமாகச் சேர்ந்து இந்தச் சின்ன வீட்டைச் சொந்தமாக வாங்கினார்கள். மருமகள் சுவரில் ஓர் ஆணி அடித்துவிட்டு, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை என்ற சந்தோஷத்தில் பக்கத்திலேயே இன்னோர் ஆணியும் அடித்தாள். இரண்டிலும் இன்றுவரை எதுவும் மாட்டப்படவில்லை என்பது வேறு விஷயம்.

காப்பகத்து அக்கா நல்ல மனுஷி, ஆனால் கறார். “பாரும்மா, முதல் நாள் நானே கூட்டிட்டு வருவேன். சாயங்காலம் வரைக்கும் கூடவே இருப்பேன். அவளுக்கு வீடு ஒட்டுச்சுன்னா விட்டுட்டுப் போவேன். ஒட்டலைன்னா கூட்டிட்டுப் போயிடுவேன், அப்புறம் நீ கண்ணைக் கசக்கக் கூடாது. இவளைக் கேட்டு இன்னொரு குடும்பமும் காத்துக்கிட்டிருக்காங்க” என்று போனில் முதலிலேயே சொல்லிவிட்டாள். போனை வைக்கும் முன், “கடிக்கிற உயரத்துல இருக்கிறதையெல்லாம் கொஞ்சம் பாதுகாப்பா வச்சிடு. வயரு, கண்ணாடிச் சாமான், செருப்பு, மருந்து, மாத்திரை” என்றும் சொன்னாள்.

இதை வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் நாலு சாமானைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் இவளுக்குத் தொழிலே அது. வீட்டுச் சாமான்களைக் கட்டி, ஏற்றி, இன்னோர் ஊரில் இறக்கிக் கொடுக்கும் நிறுவனத்தில் கணவர் லாரி ஓட்டுகிறார். இவள் கட்டும் குழுவுக்குத் தலைமை. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் டேப் அக்கா. தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் தாள் சுற்றி, பெட்டியை மூடித் தூக்கிக் குலுக்குவாள். உள்ளே ‘கிளிங்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் பிரித்துவிட்டு மறுபடி கட்டச் சொல்வாள். அவள் கட்டிய பெட்டியில் ஒரு குவளை உடைந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஒரு பொருளைப் பாதுகாப்பாக வைக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்.

கணவர் தவழ்ந்து முடித்ததும் அவள் கிடங்கிலிருந்து கொண்டுவந்திருந்த சரக்கைப் பிரித்தாள். சாப்பாட்டு மேஜையின் கால்களுக்கு அட்டை சுற்றினாள். டீப்பாயின் முனைகளுக்கு மூலைப்பட்டை. டிவிக்கு, அழுத்தினால் ‘டப்’பென்று வெடிக்கும் குமிழித்தாள். அலமாரியின் கீழ்த்தட்டுகளில் இருந்த பீங்கானும் கண்ணாடியும் பெட்டிகளுக்குள் போயின. பெட்டிகள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. தரைவிரிப்பைச் சுருட்டிக் கயிறு போட்டாள். திரைச்சீலைகளைக் கழற்றி மடித்தாள். நீள சோபாவுக்கு முழு நீளப் பிளாஸ்டிக் உறை. டேப் ‘கர்ர்ர்க், கர்ர்ர்க்’ என்று இரவு வரை கத்திக்கொண்டே இருந்தது.

“அம்மாடி” என்றார் மாமனார் கடைசியில். “இந்த வீட்டுல டேப் ஒட்டாதது நான் ஒருத்தன்தான். தூங்கிட்டேன்னா என்னையும் சுத்திடுவியோன்னு பயமா இருக்கு.”

“உங்களையா? எந்த நாய் மாமா உங்களைக் கடிக்கப் போகுது?”

“ஏன், நான் அவ்வளவு மட்டமாவா இருக்கேன்?”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். மனசு நிறைந்திருந்தது. ஒரு வயர் தெரியவில்லை, ஒரு முனை தெரியவில்லை. ஜன்னல் பக்கம் புது மெத்தையும் தண்ணீர்க் கிண்ணமும் மட்டும் பளிச்சென்று இருந்தன.

எதிர்வீட்டு அம்மாள் கேட் வழியாக எட்டிப் பார்த்து, “என்னம்மா, சொல்லாம கொள்ளாமக் கிளம்பிட்டீங்க? வந்து ஒரு வருஷம்கூட ஆகலையே!” என்று அங்கலாய்த்தாள்.

“கிளம்பலைக்கா. நாய் வருது.”

“நாய் வர்றதுக்கு நீங்க ஏன் காலி பண்றீங்க?” என்றவள், குரலைத் தாழ்த்தி, “வீட்டை விக்கிற யோசனை இருந்தா வெளியில சொல்லிடாதே. என் தம்பி ரொம்ப நாளா தேடிக்கிட்டிருக்கான்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே காப்பகத்து வேன் வந்து நின்றது.

மிளகு குதித்து இறங்கினாள். கேட்டை மோந்தாள், கணவரின் பாண்ட்டை மோந்தாள், பூந்தொட்டி ஒன்றுக்குத் தனி மரியாதை செய்தாள். வால் ஒரு நிலையில் நிற்கவில்லை. மருமகளின் உள்ளங்கையில் ஈரமூக்கை வைத்து அழுத்தினாள். மருமகளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

“பார்த்தீங்களா, என்னை ஞாபகம் வச்சிருக்கா!”

“நீ அன்னிக்குக் கொடுத்த பிஸ்கட்டை ஞாபகம் வச்சிருக்கா” என்றார் மாமனார்.

மிளகு அதே உற்சாகத்தில் வாசற்படி ஏறினாள். ஏறியவள் நின்றாள். கூடத்தைப் பார்த்தாள். சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தாள், உறை போட்ட சோபாவைப் பார்த்தாள், சுருட்டிக் கட்டிய விரிப்பைப் பார்த்தாள். ஆடிக்கொண்டிருந்த வால் மெதுவாகக் கீழே இறங்கிக் கால்களுக்கு நடுவே போய் ஒட்டிக்கொண்டது. உடம்பு நடுங்க ஆரம்பித்தது. ஓர் அடி பின்னால் வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள், பிறகு வாரைப் பிடித்திருந்த அக்காவையும் இழுத்துக்கொண்டு ஓடி வேனுக்கு அடியில் புகுந்துவிட்டாள்.

“என்னாச்சு? என்ன பார்த்துப் பயந்துட்டா?” மருமகள் பதறினாள்.

காப்பகத்து அக்கா படியேறி உள்ளே பார்த்தாள்.

“நீங்க வீடு மாத்தறீங்களா?”

“இல்லைக்கா! நீங்கதானே பாதுகாப்பா வைக்கச் சொன்னீங்க. இதெல்லாம் அவளுக்காகத்தான்…”

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “என் தப்பும்மா. அவளை முன்னாடி வச்சிருந்தவங்க விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு மட்டும்தான் சொன்னேன். எப்படின்னு சொல்லலை. அவங்க ஊரை விட்டுப் போனாங்க. இதே மாதிரிப் பெட்டியெல்லாம் கட்டி வச்சாங்க, லாரி வந்தது, ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. இவளைப் பின்கட்டுல விட்டுட்டுக் கதவைப் பூட்டிட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க எங்களைக் கூப்பிட்டு நாங்க போய்ப் பார்க்கிறப்போ, காலி வீட்டுல ஒரு கிழிஞ்ச அட்டைப்பெட்டி மேல படுத்திருந்தா.”

மாமனார் வேன் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மருமகளுக்கு அந்தக் காலி வீடு கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்படிப்பட்ட வீடுகளை அவள் எத்தனையோ பார்த்தவள். சாமான் போகப் போகக் குரல் எதிரொலிக்கத் தொடங்கும். வளர்ப்பு நாய் எல்லோர் காலையும் சுற்றிச் சுற்றி வரும். ‘வேலை நடக்குதில்ல, அதைக் கொஞ்சம் கட்டிப் போடுங்க’ என்று அவளே சொல்லியிருக்கிறாள். அது வழியில் நிற்கவில்லை, ‘நானும் வர்றேன்தானே?’ என்று கேட்டுக்கொண்டிருந்தது என்பது இப்போதுதான் உறைத்தது.

“சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குதானே அக்கா?” என்றாள்.

“இருக்கு. ஆனா பலவந்தம் கூடாது. அவளாத்தான் உள்ள வரணும். இப்படியே நடுங்கிக்கிட்டு இருந்தா என்னால விட்டுட்டுப் போக முடியாது.”

“புரியுதுக்கா. என்னங்க, வாங்க. எல்லாத்தையும் பிரிச்சிடலாம்.”

முதல் பெட்டியின் டேப்பை அவள் வழக்கம்போல் ஒரே இழுப்பாக இழுத்தாள். ‘கர்ர்ர்க்!’ வேனுக்கு அடியிலிருந்து மெலிசாக ஒரு முனகல் வந்தது. அவள் கையை நெருப்பில் வைத்தவள் போல் எடுத்துக்கொண்டாள்.

“சத்தமே வரக் கூடாது. கத்தரிக்கோல் எடுங்க. ஈரத் துணியும் கொண்டு வாங்க, ஒட்டினதை நனைச்சு நனைச்சு எடுக்கலாம்.”

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. அவர்கள் தொழிலில் கட்டுவதும் ஏற்றுவதும் இறக்குவதும் உண்டே தவிர, பிரித்து அடுக்குவது கிடையாது. அது வீட்டுக்காரர்கள் பாடு. எத்தனையோ வீடுகளைக் கட்டிய இந்தப் பெண்ணுக்கு ஒரு வீட்டைப் பிரித்து வைத்துப் பழக்கமே இல்லை. அதனால்தான் போன வருஷம் குடிவந்தபோது கொண்டுவந்த பெட்டிகளில் பாதி இன்னும் பிரிக்கப்படாமல் மாடிப்படிக்கு அடியில் கிடந்தன. ஒன்றின்மேல் இஸ்திரிப் பெட்டி, இன்னொன்றின்மேல் மாமனாரின் ரேடியோ.

“அதையும் பிரிக்கணுமா?” கணவர் கண் விரிந்தது. “அதுல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது.”

“எனக்கும்தான் தெரியாது. ஆனா அவளுக்கு எது பழைய பெட்டி, எது புதுப் பெட்டின்னு எப்படித் தெரியும்? பெட்டின்னா பெட்டிதான்.”

வேலை சூடு பிடித்தது. மேஜைக்குக் கால் திரும்பக் கிடைத்தது. டிவி குமிழித்தாளிலிருந்து விடுதலையாயிற்று. மாடிப்படிக்கு அடியிலிருந்த பெட்டிகளிலிருந்து கல்யாண ஆல்பம், ஒரு ஜதை குடை, ஐந்து சுவர்க் கடிகாரம் எல்லாம் வெளிவந்தன.

“ஐந்து கடிகாரம் எதுக்கு?” என்றார் மாமனார்.

“கல்யாணத்துக்கு வந்தது மாமா. உங்க சொந்தக்காரங்க கொடுத்ததுதான்.”

“எங்க ஆளுங்களுக்கு நேரத்தோட அருமை தெரியும்.”

“அப்படியா? தாலி கட்டி முடிச்சப்புறம்தானே மாமா வந்தாங்க?”

கணவர் கடிகாரமும் கையுமாகச் சுவரில் சாய்ந்து சிரித்தார். படியில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மிளகு மட்டும் சிரிக்கவில்லை. வேனுக்கு அடியிலிருந்து வந்து வாசற்படிக்குக் கீழே படுத்திருந்தாள். ஆனால் கணவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு முறை கதவைத் தாண்டும்போதும் காதைப் பின்னால் மடித்துத் தரையோடு ஒட்டிக்கொண்டாள். மத்தியானம் போய் வெயில் சாய ஆரம்பித்தது. மருமகள் ஓட்டமும் நடையுமாக இருந்தாள். இன்னும் எட்டுப் பெட்டி இருந்தது. வேகத்தைக் கூட்டினால் முடித்துவிடலாம்.

பீங்கான் குவளைகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு திரும்பியவள் வாசல் பக்கம் பார்த்தாள். மிளகு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். அவள் போகிற பக்கமெல்லாம் அந்தக் கண்ணும் போனது. மருமகள் நின்றாள். அவள் நின்றதும் அந்தக் காதுகள் கொஞ்சம் நிமிர்ந்தன. ஓர் அடி எடுத்து வைத்தாள். காதுகள் மறுபடி மடங்கின.

“என்னங்க, அதைக் கீழ வைங்க” என்றாள் மெதுவாக.

“எதை? இன்னும் இவ்வளவு கிடக்கே!”

“கிடக்கட்டும். நாம கட்டினாலும் பிரிச்சாலும் அவளுக்கு ஒண்ணுதாங்க. சாமான் நகருது, ஆளுங்க ஓடறாங்க. அவ்வளவுதான் தெரியுது. வாங்க, உட்காருங்க.”

“எங்க உட்கார்றது?”

அது நியாயமான கேள்விதான். தரை முழுக்கத் தாளும் தட்டும் குடையும் கடிகாரமுமாக இருந்தது. காலால் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு அவள் நடுக் கூடத்தில் உட்கார்ந்தாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமனாரும் தன் சோபாவை விட்டு இறங்கி, “ஏறி உட்கார நேரமாகும், இப்பவே சொல்லிடறேன்” என்று எச்சரித்துவிட்டுத் தரையில் அமர்ந்தார். அக்கா மட்டும் வாரைத் தளர்த்திப் பிடித்தபடி படியில் இருந்தாள்.

வேலையைப் பாதியில் போட்டுவிட்டு உட்காருவது மருமகளுக்கு இந்தப் பிறவியில் பழக்கமில்லாத காரியம். எதிரே ஒரு பெட்டியின் வாய் திறந்து கிடந்தது. அதை மூடக் கை பரபரத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“ஏதாவது பேசுங்களேன்” என்றாள்.

“என்ன பேச?”

“எப்பவும் பேசறதைப் பேசுங்க. சண்டை வேணும்னாலும் போடுங்க.”

“சரி. பாத்ரூம் குழாய் ஒழுகுது, நீ கவனிக்கவே இல்லை.”

“நானா? ‘வாஷர் வாங்கிட்டு வர்றேன்’னு சொன்னது யாரு? அந்த வாஷர் எந்த ஊர்ல விளையுதுன்னுதான் தெரியலை.”

“விடாதே அம்மாடி” என்றார் மாமனார் உற்சாகமாக. “பெயின்ட் விஷயத்தையும் கேளு.”

“அப்பா, நீங்க யார் பக்கம்?”

“சாப்பாடு போடறவங்க பக்கம்.”

பேச்சு சூடு பிடித்து, குழாயிலிருந்து பெயின்டுக்கும், பெயின்டிலிருந்து கணவரின் குறட்டைக்கும் போயிருந்தபோது, அக்கா தன் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். மிளகு படியேறியிருந்தாள். முன்னங்கால்கள் கதவுக்கு உள்ளே, பின்னங்கால்கள் வெளியே.

“நிறுத்தாதீங்க. பேசுங்க” என்று கிசுகிசுத்தாள் அக்கா.

“ஆமா, குறட்டை…” என்றார் கணவர். “குறட்டைன்னா… அது மனுஷனுக்கு நல்லது.”

மிளகு உள்ளே வந்தாள். ஒரு குடையை மோந்தாள். கல்யாண ஆல்பத்தை மோந்து தும்மினாள். காலிப் பெட்டி ஒன்றுக்குள் தலையை விட்டுப் பார்த்து, அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் தலையை வெளியே எடுத்துக்கொண்டாள். அக்கா ஓசைப்படாமல் வந்து வாரைக் கழற்றினாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“நான் கிளம்பறேன். வேன் போகும், சத்தம் கேட்கும். அப்போ இவ என்ன பண்றான்னுதான் பார்க்கணும். கேட்டை மட்டும் சாத்திக்கிறேன். நீங்க யாரும் எழுந்திருக்கவும் கூடாது, கூப்பிடவும் கூடாது. ஓடி வந்தான்னா என்னோட கூட்டிட்டுப் போயிடுவேன்.”

வேன் உறுமியது. மிளகு விலுக்கென்று திரும்பி வாசலுக்கு ஓடினாள். மருமகள் எழப் போனாள். கணவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவளை எழுந்திருக்கவிடாமல் பிடித்தாரா, தான் எழுந்திருக்காமல் இருக்கப் பிடித்தாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. வேன் மெல்ல நகர்ந்து தெருமுனை வரை போனது. மிளகு படியில் நின்று, சத்தம் தேய்கிற திசையையே பார்த்தாள். பிறகு திரும்பி உள்ளே பார்த்தாள்.

வண்டி போய்விட்டது. மூன்று பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

மிளகு அதைச் சற்று நேரம் யோசித்தாள் போலிருந்தது. பிறகு குவளைகளையும் தாள்களையும் ஜாக்கிரதையாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். அழகாக விரித்து வைத்திருந்த புது மெத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருமகளின் மடியில் பாதியும் கணவரின் காலில் பாதியுமாக உடம்பைச் சரித்துப் படுத்து, பெரிய மனுஷிபோல் ஒரு நீண்ட மூச்சு விட்டாள்.

தெருமுனையில் நின்றிருந்த வேனிலிருந்து அக்கா நடந்து வந்து கேட்டுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். மருமகள் கன்னம் நனைந்திருக்க, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அக்கா பதிலுக்குக் கையை அசைத்துவிட்டுப் போனாள். இந்த முறை வேன் நிஜமாகவே போனது. மிளகு கண்ணைத் திறக்கவில்லை.

இருட்டத் தொடங்கியது. யாரும் எழுந்து விளக்குப் போடவில்லை.

“அம்மாடி” என்றார் மாமனார் கொஞ்ச நேரம் கழித்து, ரகசியக் குரலில். “ராத்திரிச் சாப்பாடு?”

“குக்கர் மூணாவது பெட்டியில இருக்கு மாமா. தட்டு அதுக்கு அடியில.”

“எடுக்க முடியுமா?”

“எப்படி எடுக்க? காலை அசைச்சா முழிச்சிக்குவா.”

“எனக்குக் கால் மரத்தே போச்சு” என்றார் கணவர் பெருமையாக.

மாமனார் இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டித் துழாவி, பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்தார். அந்தச் சரசரப்புக்கு மட்டும் மிளகின் ஒரு கண் திறந்தது.